நக்கோராணி இணைந்திருக்கிறாள்

அக்கா, இதை யாரிடமும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ இருக்கும் இடத்தில் பக்கத்தில் யாராவது இருந்தால் மடித்து வைத்துக்கொள், அவர்கள் போன பிறகு படி. முக்கியமாக அம்மாவுக்குத் தெரியக் கூடாது. இங்கிலீஷில் எழுதினால் பத்திரமாக இருந்திருக்கும், அம்மாவுக்கு அது வாசிக்க வராது. இரண்டு வரி எழுதியும் பார்த்தேன். லீவு கேட்டு ஹெட்மிஸ்ட்ரஸுக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டு, மேத்ஸ் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து அந்த வாசனை வருகிறது. தூசி சுடுகிற வாசனை. மழைக்காலத்தில் நாலு நாள் போடாமல் வைத்திருந்து போட்டால் வருமே, அது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, தீப்பிடிக்கப் போகிறது என்பேன். நீ திரும்பிப் பார்க்காமல், "தூசி டோஸ்ட் ஆகுது சோட்டி, ஜாம் கொண்டா" என்பாய். இப்போது மூன்று மாதத் தூசி. திங்கட்கிழமை ராத்திரி முதல் இன்று வரை நாலு நாளாகச் சுட்டுக்கொண்டிருக்கிறது, இன்னும் தீரவில்லை. இப்போது என்னைச் சோட்டி, சின்னவளே, என்று கூப்பிட யாரும் இல்லை. அப்பா அந்த வார்த்தையைத் தவறிக்கூடச் சொல்வதில்லை.

அப்பாவுக்கு இந்த வாரம் ஜீடிமெட்லாவில் நைட் ஷிஃப்ட். காலை ஏழு மணிக்குத்தான் வருவார். அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது. நீ போன ஒரு வாரத்தில் அவர் உன் சுரிதார், ஐடி கார்டு, ஹெட்செட், டைரி எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை டூட்டிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்ப்யூட்டர் மேல் பழைய பெட்ஷீட்டைப் போட்டு, "இத யாரும் தொடக் கூடாது" என்றார். கோபத்தில் இல்லை, பயத்தில். அம்மா உன் துப்பட்டாவை முகத்தில் மூடிக்கொண்டு ஐந்து நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். அப்பா கடைசியில் பைபிளை எடுத்து வந்து அம்மா முன்னால் நீட்டி, "அவ பொருள் வேற எதுவும் உன்கிட்ட இல்லல்லா? சத்தியம் பண்ணு" என்றார். அம்மா கை வைத்தாள். "எதுவும் இல்ல. போனு அவகூடயே போயிட்டு" என்றாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

அது உண்மை என்றுதான் நானும் நினைத்தேன். ஏனென்றால் அந்தப் போன் சவப்பெட்டிக்குள் போனதை நான் பார்த்தேன். ஹாலில் உன்னை வைத்திருந்தார்கள். யாரோ சென்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டு, "அலாரம் இல்லாம அவ தூங்க மாட்டாளே, போன எங்க?" என்று கேட்டாள். நீ உயிரோடு இருந்தபோது, "அந்தச் சவத்தத் தூக்கிப் போட்டுட்டுச் சாப்புட வாட்டி" என்று அதைத் திட்டிக்கொண்டே இருந்தவள். அப்பா அதை ஸ்விட்ச் ஆஃப் செய்து கொடுத்தார். அம்மா அதை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, தலையணைக்கு அடியில், உன் இடது காதுப் பக்கமாக வைத்தாள். எல்லாரும் பெரிதாக அழுதார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அக்கா, இன்று பதினொன்றே காலுக்கு உன் போன் நம் வீட்டு வைஃபையில் இருந்தது.

வரிசையாகச் சொல்கிறேன். நீதான் சொல்வாயே, ஒரு கம்ப்ளெயிண்டை நடுவிலிருந்து கேட்டால் ஒன்றும் புரியாது என்று.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு மெயில். உனக்குத் தெரியும் எது என்று. அந்த வியாழக்கிழமை மதியம் நீ ஆபீசிலிருந்து நம் வீட்டு மெயில்பாக்ஸுக்கு அனுப்பியது. கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு என் பேரை நீயே சர்ச் கொயர் மாஸ்டரிடம் ஆல்ட்டோவில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, "பக்கத்துல நான் நிப்பேன், என் வாயப் பாத்துக்கிட்டே பாடு" என்றாய். எனக்கு ஆல்ட்டோ, அந்தக் கீழ்க்குரல், நிற்காது. பக்கத்தில் மேல்குரல் சோப்ரானோக்காரர்கள் எடுத்தவுடன் அவர்கள் மெட்டுக்குச் சறுக்கிவிடுவேன். அதற்காகத்தான் லஞ்ச் பிரேக்கில் காலி கேபினில் உட்கார்ந்து ஆபீஸ் ஹெட்செட்டில் எல்லாப் பாட்டுக்கும் உன் வரியை மட்டும் பாடிப் பதிவு செய்தாய். "ஏசி சத்தம்கூட இல்ல, ஸ்டுடியோ தோத்துச்சு. ஆனா ஃபைல் பெருசு. சண்டேக்குள்ள எறக்கிக் கேட்டுக்கோ" என்று எனக்குச் சொன்னது அன்று சாயங்காலம். அப்போதே உன் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. மழையில் நனைந்ததால் என்றாய். டெங்கு என்று சனிக்கிழமைதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை யார் போடுவது?

வீட்டில் உன் குரல் எங்கேயும் இல்லை, அக்கா. தேடிப் பார்த்துவிட்டேன். இன்டர்நெட் கம்பெனி கால் சென்டரில் ஒன்பது மணி நேரம் அந்நியர்களிடம் பேசிவிட்டு வருகிறவள் நீ, வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறக்க மாட்டாய். கட்டிலில் படுத்துக்கொண்டு கிச்சனில் இருக்கும் அம்மாவுக்கு "டீ" என்று டைப் செய்து அனுப்புவாய். அம்மா கரண்டியோடு வந்து நிற்பாள். "வாய ஆபீசுலயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியாட்டி?" நீ மறுபடி டைப் செய்வாய்: "ஹவ்". ஆமாமாம். ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட நீ அனுப்பியதில்லை. மாமா பையன் கல்யாண வீடியோவில் உன் வாய் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்த ஒரு மெயில். இருபத்துமூன்று எம்பி. அதுதான் நீ.

திங்கட்கிழமை அம்மா படுத்த பிறகு பெட்ஷீட்டை எடுத்தேன். மெயில் புரோகிராமைத் திறந்தேன். பாஸ்வேர்டு அதிலேயே சேமித்திருந்ததால் கேட்கவில்லை. சர்வரில் இருநூற்றுப் பன்னிரண்டு மெயில் இருப்பதாகச் சொல்லி, தலைப்புகளை மட்டும் இறக்கியது. மேலே பதினொரு இங்கிலீஷ் விளம்பரம், நடுவில் சர்ச் சங்கத்திலிருந்து தமிழில் இரண்டு, அதற்கும் கீழே உன்னுடையது. இங்கிலீஷ் எழுத்தில் "சோட்டி ஆல்ட்டோ" என்று. பக்கத்தில் காகிதக் கிளிப் படம். அதை இறக்கச் சொன்னேன். ஒரு சதவீதம், இரண்டு, மூன்று. ஏழில் நின்றது. ஒரு நிமிடம் அப்படியே நின்று, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. மறுபடி ஏழு. மறுபடி பூஜ்யம்.

அப்போது பயம் இல்லை. சிரிப்புகூட வந்தது. நாம் விளையாடினது ஞாபகம் வந்தது. உனக்கு ஆபீசில் தமிழ் லைனுக்கு டெஸ்ட் வைத்தபோது, நீ ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார, நான் அல்வாலில் குடியிருக்கும் ரிட்டயர்டு கர்னல் அங்கிள்.

"வணக்கம் சார், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

"என் மெயில் வரலை! மூணு மணி நேரமா வட்டம் சுத்துது!"

"கைக்கு சுத்துது சார்?" ஏன் என்று கேட்க உனக்கு ஹைதராபாத் வார்த்தைதான் வந்தது.

"அத நான் உன்கிட்ட கேக்கறேன்மா!"

"மோடம்ல எத்தனை லைட்டு எரியுது சார்?"

"எங்க வீட்ல கரண்டே இல்ல."

நீ ஹெட்செட்டைக் கழற்றி என் தலையில் அடித்தாய். கிச்சனிலிருந்து அம்மா, "ஏட்டி, ரெண்டு பேரும் சோத்துக்கு வாரியளா, இல்ல அதுக்கும் நான் கம்ப்ளெயிண்ட் நம்பர் வாங்கணுமா?" அந்த விளையாட்டில் நான் எப்போதும் கத்துகிறவள்தான். ஆனால் கத்திக் கத்தியே உன் கேள்வி எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எனவே திங்கட்கிழமை ராத்திரி நீ கர்னல் அங்கிளிடம் கேட்டதையெல்லாம் நானே என்னிடம் கேட்டேன். வைஃபையா வயரா? வயர். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு மெயிலையும் பிரித்துப் பார்க்கிறதா? ஆமாம், நிறுத்தினேன். சர்வருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கும்? ஒரு நிமிடம் என்று இருந்தது, பத்து நிமிடமாக்கினேன். அதுதான் காரணம். பெரிய மெயில், மெதுவான லைன், ஒரு நிமிடம் பேச்சு நின்றால் புரோகிராம் போனை வைத்துவிடுகிறது. ஸ்டாஃப் என்று உனக்கு இலவசமாகக் கொடுத்த கனெக்‌ஷன், அதிலும் இருப்பதிலேயே மெதுவான பிளான்.

அதன்பின் ஓடியது. முப்பது, நாற்பது. பன்னிரண்டே காலுக்கு ஒரு முறை லைன் துண்டித்து மறுபடி வந்தது. மறுபடி வந்தபோது பூஜ்யமும் வரவில்லை, ஏழும் வரவில்லை. ஒரு பெட்டி வந்தது. இந்த மெயில்பாக்ஸ் இப்போது வேறொரு இடத்தில் திறந்திருக்கிறது, பிறகு முயற்சி செய்யவும் என்று.

நீ ஒரு முறை அப்பாவுக்கு இதைச் சொல்லியிருக்கிறாய். "இந்த மாதிரி மெயில்பாக்ஸ்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான்பா உள்ள இருக்க முடியும். ஒருத்தர் இருந்தா இன்னொருத்தர் வெளிய நிக்கணும்." நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யார் உள்ளே இருக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை இருநூற்றேழு. ஐந்து குறைந்திருந்தது.

அன்று மழை. லைன் இழுக்கவே இல்லை. லைனில் சத்தம் இருக்கிறதா என்று பார் என்பாயே, லேண்ட்லைனை எடுத்துக் காதில் வைத்தேன். கரகரவென்று இருந்தது. அந்தக் கரகரப்புக்குள், ரொம்பத் தூரத்தில், ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். தமிழா தெலுங்கா தெரியவில்லை. கேள்வி கேட்கிற மாதிரி ஒரு ராகம், பிறகு பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு மௌனம், மறுபடி கேள்வி. தண்ணீர் இறங்கிய கேபிளில் அடுத்த வீட்டுப் பேச்சு கசியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனை வைக்க முடியவில்லை. வைக்காமலும் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அதே ராகத்தை நான் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன்.

நாலாவது நாள் ராத்திரி. காய்ச்சல் நூற்று நாலு. நீ கண்ணைத் திறந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தாய், எங்களிடம் இல்லை. "சொல்லுங்க சார். லைட்டு என்ன கலர்ல இருக்கு? சரி சார். இல்ல சார், இன்னிக்கி ஆள் அனுப்ப முடியாது." பிறகு தெலுங்கில், பிறகு ஹிந்தியில். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நிறுத்திக் கேட்டாய். நிஜமாகவே யாரோ பதில் சொல்வது போலத் தலையாட்டினாய். அம்மா பயந்துபோய் உன் வாயைப் பொத்தப் போனாள். நீ அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, "ஒரு நிமிஷம் மேடம், இன்னொரு லைன்ல கூப்புடுறாங்க" என்றாய். அது அம்மாவிடம் நீ கடைசியாகப் பேசியது. அம்மாவை மேடம் என்று கூப்பிட்டாய், அக்கா. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

புதன்கிழமை எண்ணிக்கை இருநூற்றிரண்டு. ஒருவேளை யாரோ வெளியாள் பாஸ்வேர்டைத் திருடியிருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது. வாடிக்கையாளர் எவ்வளவு அழுதாலும் நீ முதலில் ஒன்றைத்தான் முடிவு செய்வாய்: "தப்பு வீட்டுக்கு உள்ளயா, வெளியயா? அது தெரியாம ஸ்க்ரூவக்கூடத் தொடக் கூடாது." அதனால் புதன் ராத்திரி பத்தரைக்கு மோடத்தை அணைத்தேன். காலை ஐந்துக்குப் போட்டேன். வெளியாளாக இருந்தால் நம் மோடம் அணைந்தால் அவனுக்கு என்ன? அவன் பாட்டுக்கு ஐந்தை அழித்திருப்பான்.

இருநூற்றிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்படியானால் உள்ளே. அப்பா ஜீடிமெட்லாவில். வீட்டில் நானும் அம்மாவும். அம்மாவின் போன் பட்டன் போன், அதில் மெயில் வராது. பள்ளிக்கூடத்தில் இன்று ஒரு பாடமும் ஏறவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தொட்டதற்கு நான் கத்தியே விட்டேன். "கியா ரே, பூத் தேக்கியா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். பேய் பார்த்தாயா என்று. நானும் சிரித்தேன்.

இன்று ராத்திரி பதினொன்று பத்துக்கு மெயிலைப் போட்டேன். உடனே அந்தப் பெட்டி. வேறொரு இடத்தில் திறந்திருக்கிறது. ஐந்து நிமிடம் மறுபடி மறுபடி அழுத்தினேன், அதே பெட்டி. மோடத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை அடித்தால் அதற்குள் ஒரு பக்கம் திறக்கும், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும். நெட் குறைந்தால் அதைத் திறந்து, மாடி வீட்டுக்காரர்கள் திருடுகிறார்களா என்று பார்ப்பாயே. அதைத் திறந்தேன். இரண்டு வரி இருந்தது. முதல் வரி இந்தக் கம்ப்யூட்டர்.

இரண்டாவது வரி: நக்கோராணி. இணைந்து ஒன்பது நிமிடம்.

அப்பா வைத்த பெயர். பால் வேண்டுமா, நக்கோ, வேண்டாம். கல்யாணம் பேசலாமா, நக்கோ. "நம்ம வீட்டு நக்கோராணி" என்று அப்பா மாடி வீடு வரைக்கும் கேட்கச் சிரிப்பார். நீ அதையே உன் போனுக்குப் பெயராக வைத்தாய். அது இப்போது செகந்திராபாத் கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்கு அடியில், உன் இடது காதருகில் இருக்க வேண்டும். அது இங்கே, ஒன்பது நிமிடமாக, நம் வைஃபையில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடம் ஆனது.

திரும்பி உன் கட்டிலைப் பார்க்கக் கழுத்து வரவில்லை. ஜெபம் சொல்லப் பார்த்தேன், பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று. பிறகு என்ன தோன்றியதோ, மோடத்தின் பின்னால் கையை விட்டு வைஃபை பட்டனை மட்டும் அழுத்தினேன். வயரில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வைஃபை விளக்கு அணைந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன். இரண்டாவது வரி இல்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், அம்மா படுத்திருக்கும் அறையில், யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு அம்மாவின் குரல், ரொம்ப மெதுவாக, ஒரு குழந்தையிடம் சொல்வது போல: "என்னட்டி, போயிட்டியா?"

பிறகுதான், அக்கா, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அழிந்துபோன பத்து மெயிலும் இங்கிலீஷில் இருந்தவை. நடுவில் இருந்த சர்ச் சங்கத்துத் தமிழ் மெயில் இரண்டையும் யாரும் தொடவில்லை. தமிழ் மட்டும் தெரிந்த ஒருத்தர்தான் அப்படிச் செய்ய முடியும். உன் போன் எப்போதும் இடமில்லை இடமில்லை என்று சொல்லும், ஏதாவது அழித்தால்தான் நகரும். நம் வீட்டு மெயிலை அதில் அழித்தால் சர்வரிலும் அழியும்படி நீயே வைத்திருந்தாய். அப்புறம், மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்கப் போகும்போது, அம்மா இன்னொரு தடவை பார்க்கணும் என்று குனிந்தாளே. ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். கை தலையணைப் பக்கம் போயிற்று. முடியை ஒதுக்கிவிடுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளால் முடியவில்லை. உன்னை விட்டாள், அதை விட முடியவில்லை.

ஆகவே மூன்று மாதமாக அம்மா ராத்திரி ராத்திரி அதைப் போட்டு, வாசிக்கத் தெரிந்ததை வாசித்துவிட்டு, போன் நின்றுவிடாமல் இருக்க, வாசிக்கத் தெரியாததைக் குப்பை என்று கூட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறாள். ஒரு ராத்திரிக்கு ஐந்து. மூன்று மாதத்தில் மேலே வந்து குவிந்ததெல்லாம் அப்படித்தான் போய், பதினொன்று மிஞ்சியிருந்திருக்கிறது. மேலிருந்து கீழே. பதினொன்றில் பத்து போயிற்று. மிச்சம் ஒரு விளம்பரம். அதற்கு அடுத்த இங்கிலீஷ் வரி "சோட்டி ஆல்ட்டோ". அவளுக்கு அது என்னவென்று தெரியாது. இன்று ராத்திரி அவள் மறுபடி உள்ளே நுழைந்தால் இரண்டாவதாக அழிவது உன் குரல்.

அதனால்தான் வைஃபையைத் திரும்பப் போடவில்லை. மெயில்பாக்ஸ் விடுபட்டவுடன் நான் உள்ளே நுழைந்துவிட்டேன். எண்ணிக்கை இன்னும் இருநூற்றிரண்டுதான், இன்று அவள் எதையும் அழிக்கவில்லை. இப்போது அறுபத்துநாலு சதவீதம். மழை இல்லை. எழுதிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுந்துபோய் அம்மாவிடம் சொல்லிவிடு என்று நீ சொல்வாய். மூன்று தடவை எழுந்தேன். என்ன சொல்ல? எனக்குத் தெரியும் என்று சொன்ன அந்த நிமிடமே, பைபிளில் கை வைத்துப் பொய் சொன்னவளாக அவள் என் முன்னால் நிற்க வேண்டும். பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் தேய்த்து வளர்த்தவள் அவள். பயந்துபோய் அந்தப் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள், அவர் டிரங்கில் பூட்டுவார், அவள் மறுபடி சாப்பிடாமல் கிடப்பாள். சொல்லாமல் விட்டால் அவள் கையாலேயே உன்னை அழிப்பாள், என்றைக்காவது அது அவளுக்குத் தெரியவந்தால் என்ன ஆவாள்? இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. அவள் இருட்டில் அந்தப் போனைக் குலுக்கிக்கொண்டு வெளியே நிற்கட்டும், நான் உள்ளே இருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று. எடுத்துவிட்டால் பிறகு பொறுமையாக யோசிக்கலாம். இது திருட்டுதானே, அக்கா? அவளிடமிருந்து நான் திருடுகிறேன்.

எழுபத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸில் மாஸ்டர், "உங்கக்கா வரியை நீ எடுத்துக்குவியாம்மா?" என்று கேட்டார். ஹவ் சார் என்று தலையாட்டினேன். பாட ஆரம்பித்ததும் ஆறாவது வார்த்தையில் மெட்டுக்குச் சறுக்கிவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ நிற்கும் இடத்தை யாரும் நிரப்பவில்லை, ஒரு ஆள் அகலத்துக்கு விட்டுவிட்டுத்தான் நிற்கிறார்கள். பாடும்போது அந்தப் பக்கக் காது சூடாகிறது. உன் மூச்சு படுகிற இடம் அது. அது இப்போதும் எனக்கு இருக்கிறது. வீட்டிலும், பஸ்ஸிலும், பரீட்சையிலும் இருக்கிறது. அந்தக் காதை யார் பக்கமும் நான் திருப்புவதில்லை. மற்றவர்கள் பேசினால் இந்தப் பக்கமாகத் திரும்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதை மட்டும் யாராலும் பெட்டியில் போட்டுப் பூட்ட முடியாது.

எண்பத்தெட்டு. கட்டில் சத்தம். அம்மா எழுந்துவிட்டாள்.

தண்ணீர் குடிக்கப் போகவில்லை. விளக்குப் போடவில்லை. ஹாலில் நடக்கிறாள். நான் மானிட்டரை அணைத்துவிட்டேன், டவுன்லோட் ஓடும். பேனா சத்தம் கேட்கிறதோ என்று பயமாக இருக்கிறது. கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டாள். கதவடியில் வெளிச்சம் தெரிகிறது. போன் வெளிச்சம். அவள் அதை மறைக்கவில்லை, அக்கா. கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

தட்டுகிறாள்.

"ஏட்டி. முழிச்சுதான் இருக்க, எனக்குத் தெரியும். கதவத் தெறட்டி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ உன் நோட்டு அட்டையில எழுதுவாளே, இதுல அந்தப் பேரு மாதிரி ஒரு எழுத்து கெடக்கு, பக்கத்துல கிளிப்பு. எனக்கு வாசிக்கத் தெரியல. அழிக்கவும் மனசு வரல. என்னன்னு பாத்துச் சொல்லுதியா?"

மானிட்டரைப் போட்டேன். தொண்ணூற்றாறு. அக்கா, நான் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரை மாட்டுகிறேன், கதவைத் திறக்கிறேன், அம்மாவும் கேட்கட்டும்.